மார்புக் கட்டி கீறக் கீற திரும்ப வருது, என்ன பண்றது டாக்டர்?

கேள்வி: வயசு 33, சின்னவனுக்கு பால் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் 5 கிலோமீட்டர் ஓடுவேன். நாலு மாசமா இடது மார்புல கட்டி, ரெண்டு தடவ கீறி சீழ் எடுத்தாங்க, மூணு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடிச்சாச்சு, இன்னும் கசியுது. டைட்டா ஸ்போர்ட்ஸ் பிரா போட்டதாலயா?

பதில்: பிரா பாவம்மா, அத விடுங்க. பால் நிறுத்தி சில வருஷத்துக்குள்ள, கீறினாலும் ஆறாம திரும்பத் திரும்ப வர்ற கட்டின்னா எனக்கு முதல்ல தோணுறது கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ், அதாவது மார்புத் திசு நாள்பட வீங்கிக் கட்டியாகிற, கேன்சர் இல்லாத நோய். 1972லயே எழுதி வச்ச நோய்தான், ஆனா இன்னிக்கும் சாதா சீழ்கட்டின்னு நெனச்சு கீறிக்கிட்டே இருக்காங்க, கீறின இடமே ஆறாத புண்ணா நின்னுடும். நம்ம ஊர்ல இதே மாதிரி மார்புல டிபியும் வரும், கேன்சர் கூட சில சமயம் இப்படித்தான் ஆரம்பிக்கும், வெளிய பாத்தோ ஸ்கேன்ல பாத்தோ மூணையும் உறுதியா பிரிக்க முடியாது.

அதனால இன்னொரு தடவ கீற வேணாம், கோர் நீடில் பயாப்சி, அதாவது ஊசியால சதைத் துண்டு எடுத்துப் பாக்குற டெஸ்ட், கேளுங்க. மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் எடுப்பாங்க, மெல்லிசா நூல் மாதிரி சில துண்டு வரும். இங்கதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க, எல்லாத் துண்டையும் பார்மலின்ல (சதை கெடாம வைக்கிற திரவம்) போட்டா கிருமி செத்துரும், அப்புறம் கல்ச்சர் (கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட்) பண்ணவே முடியாது. ஒரு பங்க சலைன்ல போட்டு கல்ச்சருக்கும் டிபி கிருமியத் தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டுக்கும் அனுப்பச் சொல்லி முன்னாடியே கேட்டுருங்க. புரோலாக்டினும் (பால் சுரக்க வைக்கிற ஹார்மோன்) சுகரும் கூடவே பாத்துடலாம்.

டிபின்னா குறைஞ்சது ஆறு மாச மாத்திரை, அரசு ஆஸ்பத்திரில இலவசம். டிபியும் கேன்சரும் இல்லன்னு ஆனா, லேசா இருந்தா சும்மா கண்காணிச்சாலே பல பேருக்கு அடங்கிடும், ஆனா மாசக்கணக்கா ஆகும், சிலருக்கு வருஷம் தாண்டும். அதிகமா இருந்தா ஸ்டீராய்டு, இல்ல நோய் எதிர்ப்ப அடக்குற மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு தடவ (அது சாப்பிடுறப்ப கர்ப்பம் கூடவே கூடாது). டிபி இல்லன்னு தெரியாம யாராவது ஸ்டீராய்டு எழுதிக் குடுத்தா தைரியமா கேள்வி கேளுங்க.

ஓட்டத்த கசிவு நிக்கிற வரைக்கும் நடையா மாத்திக்கோங்க, புண்ணு மேல காஸ் துணி வச்சு காட்டன் பிரா போடுங்க, வேர்த்தா உடனே மாத்திடுங்க, நீச்சல் வேணாம். ஒண்ணு மட்டும் கவனிங்க, இந்த நோயில சிலருக்கு முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் தொட்டாலே வலிக்கிற சிவப்புத் தடிப்பு வரும், நீங்க ஓடுற ஆளு, ஓடினதால வந்த வலின்னு விட்டுருவீங்க. வந்தா போட்டோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க.