11 வயதுப் பெண்ணுக்குப் பழைய டியூபா

கோத்தகிரி தேவாலய பேண்டில் சேரும் 11 வயது மகளுக்காக, குன்னூரில் விலைக்கு வந்திருக்கும் பழைய லண்டன் தயாரிப்பு பி ஃபிளாட் டியூபாவை (ஊதி வாசிக்கும் பெரிய பித்தளைக் கருவி) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலை பேசுமுன் சுருதியைப் பாருங்கள். பிரிட்டனின் பித்தளை பேண்டுகள் 1960கள் வரை, இன்றைய 440 ஹெர்ட்ஸை விட்டு ஏறக்குறைய 452 என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தன. அந்தக் காலத்துக் கருவியென்றால், சுருதிக் குழாயை நிறைய வெளியே இழுத்தாலும் கீபோர்டோடு ஒழுங்காகச் சேராது. பேண்டில் வாசிக்கும் யாரையாவது அழைத்துப்போய், கைப்பேசி டியூனரை வைத்து ஊதச் சொல்லுங்கள். சேரவில்லை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது வால்வு. எதையும் அழுத்தாமல் ஒரு வால்வின் பக்கக் குழாயை மெல்ல உருவுங்கள். சில நொடி பொறுத்து அந்த வால்வை அழுத்தினால் ‘டப்’ என்று கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் காற்று கசிகிறது. சரிசெய்யச் செலவு அதிகம், மலையில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். குழாய் அசையவே இல்லையா? நம் ஊர் ஈரத்தில் பல வருடம் சும்மா கிடந்த கருவிக்கு அது சகஜம்தான், பலங்கொண்டு இழுக்காதீர்கள். ஊதும் முனையைப் பொருத்தும் குழாயில் செம்பு நிறப் புள்ளிகள் தெரிந்தால் உலோகம் உள்ளிருந்து அரிக்கிறது என்று பொருள். சத்தம் வெளிவரும் அகன்ற வாய்ப்பகுதியில் உள்ள நசுங்கல்கள் பார்வைக்குத்தான் அசிங்கம்.

என்னைக் கேட்டால், இந்த வயதுக்கு அதைவிடச் சிறிய ஈ ஃபிளாட் டியூபா போதும். அதன் குழாய் சுமார் 4 மீட்டர்தான், பி ஃபிளாட்டில் ஐந்தரை. எதுவானாலும் மகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். கழுத்தை நீட்டாமல் உதடு எட்ட வேண்டும்.