புது டெம்பர்டு கிளாஸ் ஒட்டியதும் கைரேகை எடுக்கவில்லை

உங்கள் போனின் கைரேகை சென்சார் பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை, கிளாஸ்தான் மறைக்கிறது. ஒட்டிய அன்றிலிருந்தே எடுக்கவில்லை என்கிறீர்களே, அதுவே போதும்.

விரல் வைத்தால் திரையில் பச்சை வெளிச்சம் வருகிறது என்றால் உங்களுடையது ஆப்டிகல் சென்சார். அந்த வெளிச்சத்தில்தான் ரேகையைப் படம் பிடிக்கும். ஓரத்தில் மட்டும் பசையுள்ள மலிவான கிளாஸில் நடுவே காற்று நின்று படம் மங்கிவிடும்.

பழைய ரேகையை அழித்துவிட்டு, கிளாஸ் மேலேயே விரல் வைத்துப் புதிதாகப் பதிந்து பாருங்கள். விரல் நுனி, ஓரம் எல்லாம் படட்டும். அதற்கும் மசியாவிட்டால் கிளாஸை உரித்துவிட்டு மறுபடி பதியுங்கள். அதற்குமுன் சர்வீஸ் சென்டருக்கு அலையாதீர்கள்.

ரேகையை அழிக்குமுன், போனைத் திறக்கும் PIN நம்பர் ஞாபகம் இருக்கிறதா பாருங்கள். வங்கி ஆப்களில் கைரேகையைத் திரும்ப ஆன் செய்ய வேண்டிவரலாம். செட்டிங்ஸில் கைரேகை என்ற வரியே காணோம் என்றால் ஹார்டுவேர் கோளாறாக இருக்கலாம்.