உங்கள் டொமைன் யார் பேரில் இருக்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "சைட் ஸ்லோவா இருக்கு, என்ன பண்ணலாம்?" தள முகவரி இல்லை, எந்த ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் சர்வர் இடம்) என்று இல்லை, எந்தப் பக்கம் என்றும் இல்லை. டாக்டருக்கு போன் போட்டு "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவது மாதிரி. அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

சிம்மக்கல், சுங்குடி சேலைக் கடை: தளம் திறக்க எட்டு, பத்து வினாடி ஆகிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்களுக்கு ஒரே சர்வர்) இருக்கிறோம். விபிஎஸ் (சர்வரில் நமக்கென ஒதுக்கிய தனிப் பங்கு) எடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. மாறலாமா?

தம்பியை முதலில் ஒரு சேலைப் படத்தின் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்தேன். முகப்பில் முப்பத்திரண்டு சேலை. எல்லாம் போனில் எடுத்தபடியே ஏற்றியவை, ஒவ்வொன்றும் 4 எம்பிக்குக் குறையவில்லை. கூட்டினால் 130 எம்பி சொச்சம். உங்கள் சர்வர் முதல் பைட்டை 400 மில்லிசெகண்டில் கொடுத்துவிடுகிறது. 800க்குள் இருந்தாலே நல்லது என்பது கணக்கு, ஆக ஹோஸ்டிங் மேல் குற்றமில்லை. விபிஎஸ் எடுத்தாலும் வாடிக்கையாளர் போனுக்கு அந்த 130 எம்பி வந்துதான் ஆக வேண்டும். டெம்போவை மாற்றுகிறீர்கள், மூட்டை அதே மூட்டை.

படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற எடை குறைந்த பட வடிவில் ஆளுக்கு 100, 150 கேபிக்குள் கொண்டுவாருங்கள். முடிச்சுப் புள்ளி தெளிவாகத் தெரியாமல் சுங்குடி விற்காது என்பது எனக்கும் தெரியும். பெரிய படத்தை அந்தந்தச் சேலையின் பக்கத்தில், தொட்டால் பெரிதாகும்படி வையுங்கள். முகப்பில் முப்பத்திரண்டுக்கும் அது வேண்டாம். கீழே இருக்கும் படங்களுக்கு லேசி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடுங்கள், திரையில் முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் போடாதீர்கள். எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டு, முதல் படமே தாமதமாக வருகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். நீள அகலத்தையும் குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் துள்ளும். பெரிய படம் இரண்டரை வினாடிக்குள் தெரிந்துவிட்டால் கூகுள் அளவுகோலில் பாஸ். விபிஎஸ் காசை நல்ல போட்டோகிராஃபருக்குக் கொடுங்கள்.

மேலூர்: அமெரிக்க சர்வர் மாதம் நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வாங்குகிறவர்கள் யார்? கொட்டாம்பட்டி, நத்தம், சிங்கம்புணரி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் சர்வருக்கு எதற்கு அமெரிக்கா? கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், எந்தக் கம்பெனியாலும் அதைக் கூட்ட முடியாது. அங்கே போய்த் திரும்ப 250 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள். இணைப்பு பிடிக்க ஒரு நடை, பூட்டு போட ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. மூன்று நடைக்கு முக்கால் வினாடி போச்சு, அதுவரை திரையில் ஓர் எழுத்துகூட வந்திருக்காது. மும்பையோ சென்னையோ என்றால் அதே மூன்று நடை நூறு, நூற்றைம்பது மில்லிசெகண்டில் முடியும்.

விளாங்குடி: டிஎன்எஸ் (தளப் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவேடு) மாற்றி இரண்டு நாள் ஆச்சு. எனக்குப் புது சைட் தெரிகிறது, என் மச்சானுக்குப் பழசே வருகிறது. ஹோஸ்டிங்காரன் ஏமாற்றுகிறானா?

மாற்றியது நேம்சர்வரையா (அந்தப் பதிவேடு முழுவதும் இருக்கும் இடம்), ஏ ரெக்கார்டையா (அதில் சர்வர் முகவரி சொல்லும் ஒரு வரி)? அதைச் சொல்லவில்லை. நானே பார்த்ததில், ஏ ரெக்கார்டுதான். பழைய டிடிஎல், அதாவது மற்ற நெட்வொர்க்குகள் முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம், 86400 வினாடி, ஒரு முழு நாள். மாற்றுவதற்கு ஒரு நிமிடம் முன்பு யாருடைய நெட்வொர்க் பழைய முகவரியை வாங்கி வைத்ததோ, அது ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் தாண்டியும் பழசு வருகிறதென்றால் மச்சானுடைய ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். அதிலும் மாறாவிட்டால் ஐபிவி6 என்ற புதுவகை முகவரிக்கான ஏஏஏஏ (AAAA) ரெக்கார்டு பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதை மாற்ற மறப்பது சர்வ சாதாரணம். ஹோஸ்டிங்காரர் பாவம், விடுங்கள்.

அடுத்த முறைக்கு: மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிடிஎல்-ஐ 300க்கு இறக்குங்கள். மாற்றி எல்லாம் சரியானதும் 3600க்கு ஏற்றுங்கள். பழைய ஹோஸ்டிங்கை ஒரு வாரமாவது உயிரோடு வைத்திருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் இருக்கிற ரெக்கார்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இதை மாதம் தவறாமல் எழுதுகிறேன், மாதம் தவறாமல் ஒருவர் எடுக்காமல் மாட்டிக்கொள்கிறார். இந்த மாதத்து ஆள் இரண்டு கேள்வி தள்ளி வருகிறார்.

திருமங்கலம், பாத்திரக் கடை: ஆறு வருடம் முன்பு ஒரு டிசைனர் எங்களுக்குத் தளம் செய்து கொடுத்தார். இப்போது அவர் வெளிநாட்டில், போன் எடுப்பதில்லை. டொமைன் (தளத்தின் பெயர்ப் பதிவு) அடுத்த மாதம் முடிகிறது. லாகின் எங்களிடம் இல்லை. என்ன செய்வது?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் வயிறு எரிந்தது. ஏனென்றால் இது எங்கள் வீட்டுக் கதை. என் மாமாவின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு தளம் இருந்தது. பத்திரிகை அச்சடித்துக் கொடுத்தவரே டொமைனும் வாங்கிக் கொடுத்தார், அவர் பேரில், அவர் ஈமெயிலில். மாமா வருடா வருடம் பணம் கொடுத்தார். ரசீது எதுவும் கிடையாது. ஒரு வருடம் அந்த மனிதர் புதுப்பிக்க மறந்தார். நல்ல முகூர்த்த மாதம், மண்டபம் பார்க்கத் தளத்தைத் திறந்தவர்களுக்குச் சூதாட்ட விளம்பரம் வந்தது. பெண் வீட்டார் போன் போட்டு "என்ன சார் நடத்துறீங்க?" என்று கேட்ட பிறகுதான் மாமாவுக்கு விஷயமே தெரியும். போர்டில், பத்திரிகை உறையில், பில் புத்தகத்தில் என்று அச்சடித்த பெயரெல்லாம் வீண். அந்தப் பெயர் இன்றுவரை திரும்பவில்லை.

கடைக்கு இடம் வாங்கினால் பத்திரம் யார் பேரில் என்று நாலு வக்கீலிடம் காட்டுகிறோம். வில்லங்கச் சான்று பார்க்கிறோம், பட்டா மாற்றுகிறோம். டொமைன் என்றால் மட்டும் "தம்பி, நீயே பார்த்துக்கப்பா" என்று விட்டுவிடுகிறோம். ஹோஸ்டிங் வாடகை வீடு, பிடிக்கவில்லை என்றால் காலி செய்துவிட்டுப் போகலாம். டொமைன்தான் நிலம். நிலம் டிசைனர் பேரில் இருந்தால் நீங்கள் கட்டிய வீடும் அவர் தயவில்தான் நிற்கிறது. எல்லா டிசைனரும் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் சோம்பல்தான் காரணம்: பத்து வாடிக்கையாளர்களை ஒரே கணக்கில் வைத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் அந்த ஒரு கணக்கு போனால் பத்துக் கடையும் சேர்ந்து போகும்.

இப்போது செய்ய வேண்டியது. டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் ரிஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) யார், முடியும் தேதி என்ன என்று பாருங்கள். பதிவில் இருக்கும் ஈமெயில் உங்களுடையதாக இருந்தால், எங்கோ மறந்துபோன பழைய ஜிமெயிலாக இருந்தாலும் சரி, தப்பித்தீர்கள், பாஸ்வேர்டை மீட்டுவிடலாம். இல்லையென்றால் ஜிஎஸ்டி சான்றிதழ், டிசைனருக்குப் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், கடைப் பெயர்ப் பலகைப் படம் எல்லாவற்றையும் சேர்த்து ரிஜிஸ்ட்ராருக்கு இன்றே எழுதுங்கள். கட்டாயம் தருவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவர்கள் கண்ணுக்குப் பதிவில் பெயர் இருப்பவர்தான் சொந்தக்காரர். டிசைனரையும் விடாதீர்கள். அவர் சொந்த பந்தம் யாராவது ஊரில் இருப்பார்கள், நேரில் போய்ப் பேசுங்கள், கோபமில்லாமல்.

உங்களுடையது .காம். தேதி முடிந்த மறுநாளே பறந்துவிடாது. ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு, அதற்கு மேல் 30 நாள் தண்டக் கட்டணத்தோடு மீட்கலாம், பிறகு 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும். இந்த நாட்களெல்லாம் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் என்பதை மறக்க வேண்டாம். வணிகச் சின்னம் பதிவு செய்திருந்தால் .காமுக்கு யுடிஆர்பி, .இன்னுக்கு ஐஎன்டிஆர்பி என்று தகராறு தீர்க்கும் முறைகள் உண்டு, செலவும் மாதங்களும் பிடிக்கும். அதனால் இன்றைக்கே உங்கள் பேரில் இன்னொரு பெயரையும் வாங்கிவிடுங்கள். அடுத்த பில் புத்தகத்தில் அதை அச்சிடுங்கள்.

மற்றவர்களுக்கு: பதிவில் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். ஈமெயிலும் உங்களுடையது, ஆனால் அதே டொமைனில் இருக்கும் ஈமெயில் வேண்டாம். டொமைன் செத்தால் நினைவூட்டல் கடிதமும் வந்து சேராது. கணக்குக்கு இரண்டடுக்குப் பூட்டு (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பு) போடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் என்று கார்டை நம்பாமல் மூன்று, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், பத்து வருடம் வரை கட்டலாம். டிசைனர் தயங்கினால், டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றத் தேவைப்படும் டிரான்ஸ்ஃபர் கோடு கேளுங்கள். .காமுக்கு, பதிவில் பெயர் இருப்பவர் கேட்டால் ஐந்து நாளுக்குள் ரிஜிஸ்ட்ரார் கொடுத்தாக வேண்டும் என்பது விதி.

கே.கே. நகர், ஆடிட்டர் அலுவலகம்: ஹோஸ்டிங் மாற்றினோம், தளம் பறக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து மெயில் எதுவும் வரவில்லை.

முன்பு சொன்ன இந்த மாதத்து ஆள் இவர்தான். நேம்சர்வரை மாற்றினீர்கள், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு வரவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தீர்களா? இல்லை. சரி, மெயில் கொடுக்கும் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் எம்எக்ஸ் மதிப்புகள் இருக்கும், அப்படியே போடுங்கள். உங்கள் மெயில் போலியில்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ரெக்கார்டு மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். இரண்டு வரி போட்டால் இரண்டுமே செல்லாது, ஒன்றாகச் சேர்த்து எழுத வேண்டும். அனுப்பியவர்களின் சர்வர் பொதுவாகச் சில நாள் முயன்று பார்க்கும், ஆகவே வெள்ளிக்கிழமைக் கடிதங்கள் சில இன்னும் வரலாம். ரிட்டர்ன் தாக்கல் கடைசி வாரத்தில் இதைச் செய்ய எப்படித்தான் மனசு வந்ததோ!

அண்ணா நகர்: பேஜ்ஸ்பீடில் (கூகுளின் வேகச் சோதனை) 100 வாங்க வேண்டுமா?

வேண்டாம்.

அவனியாபுரம்: கிளவுட்ஃபிளேர் (தளத்துக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் நிற்கும் சேவை) போட்டதும் "டூ மெனி ரீடைரக்ட்ஸ்" என்று வருகிறது.

கிளவுட்ஃபிளேரில் எஸ்எஸ்எல் (இணைப்பைப் பூட்டும் முறை) அமைப்பு ஃபிளெக்சிபிளில் இருக்கிறது. உங்கள் சர்வர் "எச்டிடிபிஎஸ்ஸில் வா" என்கிறது, நடுவில் நிற்பவர் மறுபடி எச்டிடிபியிலேயே போய்க் கதவைத் தட்டுகிறார். விடிய விடிய நடக்கும். சர்வரில் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் போட்டு, ஃபுல் ஸ்ட்ரிக்டுக்கு மாற்றுங்கள். அந்தச் சான்றிதழ் இலவசம்தான், காலம் முடியும் முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். எஸ்எஸ்எல்லுக்கு வருடம் மூவாயிரம் கேட்கிறார் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

டவுன்ஹால் ரோடு பக்கம், லாட்ஜ்: வருடம் முழுக்க ஒழுங்காக ஓடும் தளம், சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு முந்தின வாரம் படுத்துவிடுகிறது. அன்லிமிடெட் பிளான்தான் வைத்திருக்கிறோம்.

அன்லிமிடெட் என்பது இடத்துக்கும் மாத டேட்டாவுக்கும் சொல்வது. ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வேலை செய்யும் என்பதற்கு எல்லை உண்டு, சின்ன எழுத்தில் 20, 30 என்று இருக்கும். ஒவ்வொருவரும் வந்து கேட்கும்போது பிஎச்பி என்ற நிரல் ஓடி, டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகச் சமைத்துத் தருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஆளுக்கு ஆள் தோசை தனித்தனியாகச் சுட்டால் எந்த ஓட்டல் தாங்கும்? பேஜ் கேஷ் போட்டு (ஒருமுறை சமைத்ததைச் சேமித்து), அந்தப் பக்கத்தை சிடிஎன்னில் (பல ஊர்களில் நகல் வைத்துத் தரும் சர்வர்கள்) வைத்துவிட்டால் சர்வருக்கு வேலையே இல்லை. அறை விலை, படம், வழி எல்லாம் மாறாத பக்கங்கள்தானே.

அறை காலியா என்று காட்டும் பக்கத்தையும், பணம் கட்டும் பக்கத்தையும் மட்டும் கேஷ் செய்யாதீர்கள். போன வருடம் ஒரே அறை மூன்று பேருக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம். பிஎச்பி 7.4 ஓடுகிறதே, அதற்கு 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டது; இன்னும் திருத்தம் வரும் புதுப் பதிப்புக்கு ஏற்றினால் வேகமும் கூடும். இதையெல்லாம் மாசி மாதத்திலேயே செய்யுங்கள். கொடியேறிய பிறகு எதையும் தொடக் கூடாது.

வாடிப்பட்டி, தமிழாசிரியர்: என் தளத்துக்கு .இந்தியா என்று தமிழிலேயே பெயர் வாங்கலாமா? கட்டுரை முகவரிகளும் தமிழில் இருந்தால் தளம் மெதுவாகுமா?

வாங்கலாம், ஐயா. உள்ளுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் டிஎன்எஸ்ஸுக்குப் போகும், வேகத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் பெயரில் ஈமெயில் வைத்தால் ஏற்காத படிவங்கள் ஏராளம். ஆங்கிலப் பெயர் ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 301 (நிரந்தரமாகத் திருப்பிவிடும் அமைப்பு) போடுங்கள்.

முகவரி தமிழில் இருந்தாலும் மெதுவாகாது. நகல் எடுத்து ஒட்டும்போதுதான் அசிங்கமாகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதைச் சதவீதக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. "மதுரை" என்பது மட்டுமே 45 எழுத்தாகும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு முகவரி வந்தால் வைரஸ் என்று நினைத்து ஆட்கள் தொடவே மாட்டார்கள். உங்கள் தளத்தை மெதுவாக்குவது எழுத்துருக்கள். நான்கு அலங்கார எழுத்துரு, எல்லாம் முழுசாக இறங்குகின்றன. ஒன்று போதும், வாஃப்2 என்ற சுருக்கிய எழுத்துரு வடிவில், தமிழ்ப் பகுதி மட்டும். 2009க்கு முந்தைய கட்டுரைகள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருப்பதையும் பார்த்தேன். அவை கூகுளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. யுனிகோடுக்கு மாற்றுங்கள், அத்தனையும் நல்ல கட்டுரைகள்.

பெயர் வேண்டாம் என்றவர்: நீங்கள் எந்த ஹோஸ்டிங் வைத்திருக்கிறீர்கள்?

சொல்ல மாட்டேன். முதல் வருட விலையை விட்டுவிட்டு, புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு அவர்கள் உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள். "பேக்கப் எத்தனை நாளைக்கு வைத்திருக்கிறீர்கள், நானே இறக்கிக்கொள்ள முடியுமா?" என்று கேட்டால் போதும். என்ன பதில், எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.