ஐந்து நாளில் கோலாலம்பூரும் பினாங்கும்: எப்படிப் பிரிப்பது?

கேள்வி: சென்னையிலிருந்து ஐந்து நாள் விடுப்பில் கோலாலம்பூர், பினாங்கு இரண்டுக்கும் போய்வர முடியுமா? எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

தாராளமாக முடியும். ஆனால் நகரமான கோலாலம்பூருக்கு மூன்று நாள், தீவான பினாங்குக்கு ஒரு நாள் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால், அதைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். கோலாலம்பூருக்கு ஒன்றரை நாள் போதும். மிச்சமெல்லாம் பினாங்குக்கு.

கோலாலம்பூரில் பத்துமலையைக் காலை எட்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். கே.எல். சென்ட்ரல் என்ற முக்கிய ரயில் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோயில் வாசல் பக்கத்திலேயே இறக்கிவிடும். 272 படி. 42.7 மீட்டர் முருகன் சிலையைப் படம் எடுக்கத்தான் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் படியேறிக் குகைக்குள் போங்கள், அங்கேதான் அந்த இடத்தின் பிரமாண்டம் புரியும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கிவிடும். ஊருக்குள் பெட்டாலிங் தெரு பக்கம் போகும்போது மகாமாரியம்மன் கோயிலையும் பார்த்துவிடலாம். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை கட்டியது, பத்துமலைக் கோயிலும் அவர் முயற்சிதான். தைப்பூச வெள்ளி ரதம் இங்கிருந்துதான் பத்துமலைக்குக் கிளம்பும்.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தில் ஏறுவது உங்கள் விருப்பம். ஏறிவிட்டால் கோபுரம் கண்ணில் படாது, ஊர்தான் தெரியும்! கீழே இருக்கும் பூங்காவில் பொழுது சாய்ந்தபின் உட்கார்ந்தால் 452 மீட்டரும் காசில்லாமல் தெரியும். ஷாப்பிங் மால்களைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, சென்னையிலேயே இருக்கின்றன.

அடுத்து, பினாங்குக்கு எப்படிப் போவது? விமானம் ஒரு மணி நேரம்தான். ஆனால் விமான நிலையம் போவது, காத்திருப்பது எல்லாம் கூட்டினால் ரயிலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கே.எல். சென்ட்ரலில் இருந்து இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார ரயில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். வார இறுதியில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுங்கள். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போய்விடலாம். ஓரிரு ரிங்கிட்டில் ஃபெரி ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். தீவை இணைக்கும் 13.5 கிலோமீட்டர் பாலம் 1985-இலிருந்து இருக்கிறது, இருந்தாலும் முதல் தடவை படகில்தான் போக வேண்டும் என்பேன்.

இப்போது முக்கியமான விஷயம். தீவு என்றதும் நீலக்கடல், வெள்ளை மணல் என்று நினைத்துப் போகாதீர்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரை மாலையில் காற்று வாங்கச் சரி, தண்ணீர் கலங்கல்தான். கடல்தான் வேண்டுமென்றால் லங்காவித் தீவுக்குப் போங்கள். பினாங்கு நடப்பதற்கும் சாப்பிடுவதற்குமான ஊர்.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடி ஏற்றிய பிறகு நம் ஊர்க் கடற்கரைகளிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும், செட்டியார்களும், கூலிகளும் வந்து சேர்ந்தார்கள். சீனர்களும் வந்தார்கள். அவர்கள் கட்டியதெல்லாம் நடக்கும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கிறது. காதர் முகைதீன் என்ற தமிழ் வணிகரின் பட்டப்பெயரைத் தாங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதே சாலையில் சீனர்களின் கருணைத் தாய் கோயில், பக்கத்துத் தெருவில் 1833-ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி லெபோ சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் எப்படி அடுத்தடுத்து இடம் போட்டார்கள் என்று பார்த்தபடி நடந்தாலே அரை நாள் போய்விடும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி இது. சுவரோவியங்களுக்கு முன் படமெடுக்க வரிசை நிற்கும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நீர்மேல் மரக்கால் ஊன்றிக் கட்டிய சியூ ஜெட்டி வீடுகளைப் பாருங்கள், ஆனால் அங்கே இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், எட்டிப் பார்க்காதீர்கள்.

சாப்பாட்டில் நாசி கண்டாரை விடக்கூடாது. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் தூக்கிக்கொண்டு விற்ற சோறும் குழம்பும். நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், ‘பஞ்சிர்’ என்றால் புரிந்துகொள்வார்கள். பெரிய இறாலையோ மீன் தலையையோ கைகாட்டும் முன் விலை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பில் வரும்போது பசி போய்விடும். புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட அசாம் லக்சா நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சீனக் கடைகளில் காய்கறிதானே என்று நம்ப வேண்டாம், பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்திருப்பார்கள். லெபோ பசார் பக்கம் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்.

பினாங்கு மலைக்கு வார நாளில், காலையில் போங்கள். 1923-இலிருந்து இழுவை ரயில் ஓடுகிறது, இப்போதைய பெட்டிகள் 2011-இல் வந்தவை. இறங்கியதும் பக்கத்திலேயே கெக் லோக் சி பௌத்தக் கோயில். 204-ஆம் எண் பேருந்து மலையடிவாரம் வரை போகும். நேரமிருந்தால் மாலையில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறலாம், படிகள் பத்துமலையைவிட அதிகம்.

விசா: 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறார்கள். சலுகை தொடர்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், இது இலவசம். காசு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள்.

சென்னை–பினாங்கு நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது ஒத்துவந்தால் கோலாலம்பூரில் இறங்கி பினாங்கிலிருந்தே ஊர் திரும்புங்கள், அரை நாள் மிச்சம். தைப்பூச வாரத்தில் போவதானால் அறையை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.