கேள்வி பதில்: புக்கர் முதல் தொகுதி மறுவரையறை வரை

கேள்வி: கன்னடத்துக்கு சர்வதேச புக்கர் கிடைத்துவிட்டது. தமிழுக்கு எப்போது சார்?

பதில்: 2025இல் பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லேம்ப்’ வென்றபோது, 50,000 பவுண்டு பரிசை அவரும் மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தியும் சரிபாதியாகப் பெற்றார்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரும் அந்தப் பரிசின் விதியே அதுதான். பானு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதியவற்றிலிருந்து 12 கதைகளைத் தேர்ந்தெடுத்தவரும் தீபாதான். நம்மிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் நெடும்பட்டியல் வரை போனது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அனிருத்தன் வாசுதேவனின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மொழிபெயர்ப்பாளர் பெயரை உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. அட்டையில் பெயர், நியாயமான ஊதியம், ஒரு நாவலுக்கு இரண்டு வருடம் உட்கார அவகாசம். இவற்றைக் கொடுத்துவிட்டு அப்புறம் பரிசைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: ‘அம்பிகாபதி’ படத்தின் முடிவை ஏஐ வைத்து மாற்றினார்களே. படம் தயாரிப்பாளருடையது, அவர் இஷ்டம்தானே?

பதில்: சட்டப்படி உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனக்கு வருத்தமே அதில்தான். 2013இல் வந்த ‘ராஞ்சனா’ என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை 2025 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டபோது, இறந்துபோக வேண்டிய நாயகன் கண் விழிக்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாக எதிர்த்தார்கள். உரிமை தங்களுடையது என்று தயாரிப்பு நிறுவனம் சொன்னது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ‘ஆசிரியர்’ என்று சொல்வது தயாரிப்பாளரை, இயக்குநரை அல்ல. அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் நற்பெயருக்குப் பங்கம் செய்தால் தட்டிக்கேட்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. ஆனால் ஆசிரியராகவே கருதப்படாத இயக்குநர் எந்தக் கதவைத் தட்டுவார்? திரைக்கதை எழுதியவருக்குத் தன் எழுத்தின் மேல் தனி உரிமை உண்டு, அந்த வழியில் வாதாடலாம். இயக்குநருக்கு அதுவும் இல்லை.

சாவில் முடிகிற காதல் கதையில் அந்தச் சாவுக்காகத்தான் முன்னால் வரும் ஒவ்வொரு காட்சியும் எழுதப்பட்டிருக்கும். கடைசிக் காட்சியை மட்டும் மாற்றினால் முழுப் படமும் வேறாகிவிடும். தியேட்டருக்கு வெளியே பாடல்கள் ஈட்டும் ராயல்டியைப் பாடலாசிரியரிடமும் இசையமைப்பாளரிடமும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி 2012இல் சட்டத்தைத் திருத்தினோம். பல பேர் பல வருடம் போராடிய பிறகு வந்த திருத்தம் அது. இயக்குநருக்கும் அப்படி ஒரு திருத்தம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும். பழைய படங்கள் ஆயிரக்கணக்கில் கிடங்குகளில் கிடக்கின்றன. அவற்றை எடுத்தவர்கள் பலர் இன்று எதிர்ப்புச் சொல்ல உயிரோடு இல்லை.

கேள்வி: மக்கள்தொகைப்படி இடங்களைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்கள் குறையாது என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு பதற்றம்?

பதில்: எண்ணை விடுங்கள், பங்கைப் பாருங்கள். மொத்தம் 543 இடங்களில் 39 என்பது 7.18 சதவீதம். புதிய மக்களவையில் 888 இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். ஒரு கணக்குக்காக அத்தனையும் நிரம்புவதாக வைத்துக்கொள்வோம். இப்போதைய பங்கு நிற்க வேண்டுமானால் நமக்கு 64 வேண்டும். 49 கொடுத்தால் பத்து கூடியதுபோலத் தெரியும், பங்கோ 5.5 சதவீதமாக இறங்கியிருக்கும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1962இல் 41 பேரை அனுப்பிய மாநிலம் 1967இல் 39 பேரைத்தான் அனுப்பியது. 1976இல் 42ஆவது திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 மக்கள்தொகையோடு நிறுத்தியது, குடும்பக் கட்டுப்பாட்டில் அக்கறை காட்டும் மாநிலம் நஷ்டப்படக் கூடாது என்றுதான். 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

வடக்கே இருப்பவர்களின் வாதத்தையும் நான் தள்ளவில்லை. ஒரு எம்.பி. அங்கே இங்கேயைவிட அதிகம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அது உண்மையான குறை. இடங்களைக் கூட்டட்டும், மாநிலங்களின் விகிதத்தை அப்படியே வைத்துக் கூட்டட்டும். அரசு கேட்டதைச் செய்த மாநிலத்தின் குரல் அதனாலேயே சுருங்குவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: குகேஷ் ஜெயித்தது டிங் லிரன் சொதப்பியதால்தானே அண்ணா?

பதில்: இல்லை தம்பி. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக செஸ் பட்டப் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷ் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தார். டிரா என்றால் டைபிரேக்கர், அதாவது வெற்றியாளரை முடிவுசெய்யக் கூடுதல் வேக ஆட்டங்கள். பெரும்பாலானோர் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் விடாமல் ஆடினார். 55ஆவது நகர்த்தலில் டிங்கின் யானை தவறான கட்டத்துக்குப் போனது அந்த விடாப்பிடியால்தான்.

கேள்வி: ஏஐயிடம் தமிழில் கேட்டால் பதில் ஏன் சுமாராக வருகிறது?

பதில்: முக்கியக் காரணம், அது படிப்பதற்கு இணையத்தில் தமிழ் எழுத்து போதவில்லை. இன்னொன்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ‘க’வுக்கு மூன்று, ‘கொ’வுக்கு ஆறு. அதனால் பல மென்பொருள்கள் நம் சொற்களை அதிகத் துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கின்றன. இதற்குத் தீர்வு வரும், ஓரளவு வந்தும்விட்டது. முதல் குறை அப்படித் தானாகத் தீராது. நாட்டுடைமையான நூல்கள் ஏராளமாக இணையத்தில் உண்டு, ஆனால் பெரும்பாலும் பக்கங்களின் படமாக. அவற்றைப் பிழை திருத்திய எழுத்தாக மாற்ற வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்தார்கள். இன்று அரசு சம்பளம் கொடுத்துச் செய்யலாம்.

கேள்வி: பெண்கள் உலகக் கோப்பை வென்றாகிவிட்டது. இனி என்ன?

பதில்: நவி மும்பையில் 2025 நவம்பர் 2 அன்று தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்திய இரவை மறக்கவே முடியாது. முதலில் அணியிலேயே இல்லாத ஷஃபாலி வர்மா இறுதிப் போட்டியில் 87 அடித்தார்! இனி, நம் ஊருக்கு வருவோம். பெண்கள் பிரீமியர் லீக் 2023இல் ஐந்து அணிகளோடு தொடங்கியது. அதில் சென்னை இல்லை. தமிழ்நாட்டுப் பெண் கமலினியை மும்பை அணி 1.60 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சேப்பாக்கத்தை மஞ்சள் சட்டையால் நிரப்பத் தெரிந்த ஊருக்கு ஒரு பெண்கள் அணி வேண்டும். ஆறாவது அணிக்கு இடம் திறக்கும் நாளில் சென்னையிலிருந்து ஏலம் கேட்க ஆள் இருக்க வேண்டும்.