மந்திரம் தெரியாத தளபதி: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேஜைக் கதையாட்டங்களில், போர்க்களத்தில் தோழர்களை நடத்திச் செல்லும் ஒரு கிளாஸ் (பாத்திர வகை) வேண்டும், அதில் மந்திரம் துளியும் கூடாது. இதை எப்படி வடிவமைப்பது என்று பலர் கேட்ட கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் டி20 (இருபது முகப் பகடை) விதிகளை வைத்துச் சொல்பவை.

கேள்வி: பாட்டாலும் மந்திரத்தாலும் தோழர்களுக்குத் தெம்பூட்டும் பாடகர் கிளாஸிலிருந்து மந்திரத்தைக் கழற்றிவிட்டால் தளபதி ஆகிவிடாதா?

ஆகாது. நான் முதலில் செய்து பார்த்ததே அதுதான். மந்திரம் போனதும் மிஞ்சியது, பின்வரிசையில் நின்று "நல்லா அடி" என்று தட்டிக்கொடுக்கிற ஒரு ஆள். இரண்டாவது வாரமே அதை ஆடியவர் வேறு கிளாஸ் கேட்டார்.

தளபதியின் வேலை இரண்டு: யார் எங்கே நிற்பது, யார் எப்போது அடிப்பது. ஒரு காட்சியைப் பாருங்கள். குறுகிய பாலம், எதிரே மூன்று ஈட்டிக்காரர்கள். முன்னால் மாட்டிக்கொண்டவர் வில்லாளி. அவருக்குப் பின்னால் கேடயத்தோடு நிற்கும் வாள்வீரர் ஆடும் முறை வரிசையில் கடைசி. தளபதி "மாறு!" என்கிறார். இருவரும் தங்கள் முறை வராதபோதும் ஒரு தடவை சட்டென்று செயல்படக் கிடைக்கும் ரியாக்‌ஷனைச் செலவழித்து இடம் மாறிக்கொள்கிறார்கள். விலகும்போது எதிரிக்குக் கிடைக்கிற இலவச அடி இங்கே கிடையாது என்பது விதி. ஒரு பகடைகூட உருளவில்லை, ஆனால் இனி அந்த ஈட்டிகள் கேடயத்தில்தான் படும். இப்படி மூன்று நான்கு கட்டளைகள் இருந்தால் கிளாஸின் எலும்புக்கூடு தயார்.

கேள்வி: வெறும் கூச்சல் போட்டால் காயம் ஆறுமா? எங்கள் மேஜையில் இதற்காகவே ஒரு மாலை வீணாகிப் போனது.

எல்லா மேஜையிலும் போகிறது! ஹிட் பாயிண்ட் (அடி வாங்க வாங்கக் குறைந்து, பூஜ்யமானால் ஆள் விழுந்துவிடும் எண்) என்பது ரத்தமும் சதையும் மட்டும் என்று நினைப்பதால் வரும் சண்டை இது. மூச்சு, தெம்பு, அடியைக் கடைசி நொடியில் தவிர்க்கிற சாமர்த்தியம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 2008-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பின் வார்லார்ட் என்ற தளபதி கிளாஸ், ஒரு சொல்லால் தோழரின் ஹிட் பாயிண்டைத் திருப்பித் தந்தது. மயங்கிக் கிடப்பவரையும் அது எழுப்பியது. பலருக்கு உறுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான். நினைவில்லாதவர் காதில் எந்தச் சொல் விழும்?

நான் கண்ட வழி, விழுந்த பிறகு எழுப்பாமல் விழுவதற்கு முன்பே பிடிப்பது. தோழரின் ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு இறங்கும் அந்த நொடியில் தளபதி தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து "இன்னும் இல்லை!" என்று கத்துகிறார். தோழர் 1 ஹிட் பாயிண்டோடு நிற்கிறார். ஒரு சண்டையில் ஒரு தோழருக்கு ஒரு முறைதான். மற்ற நேரத்தில் அடியை முதலில் தாங்கிக்கொள்ளும் தற்காலிக ஹிட் பாயிண்ட் கொடுத்தால் போதும், யாருக்கும் உறுத்தாது.

கேள்வி: தளபதி தன் அடியை விட்டுக்கொடுத்தால் அதை இன்னொரு தோழர் அடிக்கலாம் என்று விதி எழுதினேன். எப்போதும் திருடர் கிளாஸ் தோழருக்கே அந்த அடியைக் கொடுக்கிறார்கள். என்ன செய்ய?

கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர்கள் செய்வது சரி. ஐந்தாம் பதிப்பில் 5-ஆம் லெவல் திருடர் சிறுவாளால் குத்தினால் ஆயுதத்துக்கு ஒரு டி6 (ஆறு முகப் பகடை), திறமைக்கு 4, மறைந்து தாக்குவதற்கு 3டி6 (அதுபோல மூன்று). சராசரி 18. தளபதி தானே நீள்வாளால் அடித்திருந்தால் டி8 கூட்டல் 4, சராசரி 8.5. அந்த மறைவுத் தாக்குதல் ஒருவர் ஆடும் முறைக்கு ஒரு தடவை என்றுதான் விதியில் இருக்கிறது, எல்லோரும் ஆடி முடிக்கிற ஒரு சுற்றுக்கு என்று இல்லை. அதனால் தளபதியின் முறையில் குத்தினால் அது மறுபடியும் சேரும்.

இதை அடியோடு தடை செய்யாதீர்கள், திருடரை ஆடுபவருக்கு அதுதான் பண்டிகை. கட்டளையை இரண்டாகப் பிரியுங்கள். எப்போதும் கொடுக்கக்கூடிய சாதாரணக் கட்டளையில் ஆயுதத்தின் சேதமும், தளபதி தோழருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் கட்டளைப் பகடையும் மட்டும். சண்டைக்கு இரண்டு தடவை என்று எண்ணிக் கொடுக்கிற பெரிய கட்டளையில் எல்லாம் சேரலாம்.

எதிர்ப்பக்கத் தப்பும் உண்டு. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் பேட்டில் மாஸ்டர் என்ற போர்வீரர் வகையில் இதே கட்டளைக்குத் தன் அடி ஒன்று, தன் முறையில் கூடுதலாகச் செய்யக் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷன், ஒரு பகடை, தோழரின் ரியாக்‌ஷன் என நான்கு செலவு. கட்டளையிடவே மனசு வராது.

கேள்வி: தானே ஒரு அடிகூட அடிக்காத தளபதி சரிதானா?

சரிதான். நான்காம் பதிப்பு ரசிகர்கள் அப்படி ஆடுகிறவரைச் சோம்பேறி என்று செல்லமாகக் கிண்டல் செய்வார்கள். அதை ஒரு தேர்வாக வையுங்கள், கட்டாயமாக்காதீர்கள். முன்வரிசையில் நின்று அடித்துக்கொண்டே கத்துகிற தளபதிதான் பெரும்பாலோர் மனதில் இருக்கிறார். அவருக்கு நடுத்தரக் கவசமும் கேடயமும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தளபதியை ஆடுபவர் மேஜையில் எல்லோரையும் அதட்டுகிறார். "நீ அங்கே போ, இதைச் செய்" என்று. கிளாஸையே தடை செய்யலாமா?

அவர் எந்தக் கிளாஸ் எடுத்தாலும் அதட்டுவார். ஆனால் விதியின் வாசகம் அவருக்குத் தூபம் போடக் கூடாது. "தளபதி தோழரை நகர்த்துகிறார்" என்று எழுதாதீர்கள். "தோழர் விரும்பினால் நகரலாம்" என்று எழுதுங்கள். எழுவாய் தோழராக இருக்கட்டும். எந்த எதிரியை அடிப்பது என்பதையும் அடிக்கிறவரே தீர்மானிக்கட்டும்.

அப்புறம், பெயர். எனக்கே 'தளபதி' என்ற சொல்லில் கொஞ்சம் தயக்கம் உண்டு, உத்தரவு போடும் உரிமை இருப்பதுபோல ஒலிக்கிறது. கொடி பிடிக்கிற சிறுமி, முரசு அடிக்கிறவர், மூன்று போரில் தோற்று எல்லாத் தப்பையும் பார்த்துவிட்ட கிழவர் என்று பின்கதைகள் கொடுத்துப் பாருங்கள். அந்தக் கிழவரை ஆடியவர் எங்கள் குழுவில் யாரையும் அதட்டவில்லை. "நான் இதே தப்பைச் செய்திருக்கிறேன்" என்று ஆரம்பிப்பார், எல்லோரும் காது கொடுத்தார்கள்.

கேள்வி: அருகில் இருக்கும் எல்லோருக்கும் பகடை உருட்டலில் +1 என்று வைத்தேன். யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

இருக்காது. 2003-இல் மூன்றாம் பதிப்புக் காலத்தில் வந்த மார்ஷல் கிளாஸ் இப்படிச் சுற்றுவட்டப் பலன்களை நம்பியே இருந்தது. "அந்த ஒன்றைக் கூட்டினாயா?" என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள். நான் ஐந்து சிவப்பு டி6 பகடைகள் வைத்திருக்கிறேன். தளபதியை ஆடுபவர் ஒன்றை எடுத்து மேஜைக்கு மேலே நீட்டுவார், தோழர் வாங்கி உருட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதற்கப்புறம் யாரும் மறந்ததே இல்லை.

இரட்டைப் பகடை உருட்டி நல்லதை எடுக்கிற சலுகையை அள்ளி வீசாதீர்கள். டி20-இல் 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் அது 50 சதவீத வாய்ப்பை 75 ஆக்கிவிடும்.

கேள்வி: புத்திக்கூர்மையா, ஆளுமையா? எதை முதன்மைத் திறனாக வைப்பது?

ஆடுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். புத்தி என்றால் இடமாற்றங்கள் வலுப்படும், ஆளுமை என்றால் தெம்பூட்டுதல்.

கேள்வி: எதிரி மந்திரவாதி ஒலியையே அடக்கிவிட்டால் தளபதி சும்மா நிற்க வேண்டியதுதானா?

"தோழர் கேட்க வேண்டும் அல்லது பார்க்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். கை சைகையும் கொடியும் எதற்கு இருக்கின்றன? இருட்டும் மௌனமும் ஒன்றாக வந்தால் மட்டும் மாட்டிக்கொள்வார். அது நியாயமான ஆபத்து. மந்திரத்தை முடக்கும் இடத்தில் மற்றவர்கள் கையைப் பிசையும்போது இவர் மட்டும் வழக்கம்போல வேலை செய்கிறார் அல்லவா, அதற்கு அது சரியாகப் போயிற்று.

கேள்வி: கிளாஸ் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் எதிரிகளிடம் கொடுங்கள். ஆறு கோப்ளின்களில் (குட்டி அரக்கர்கள்) ஒருவன் தளபதி, அவனிடம் 'மாறு' கட்டளை மட்டும். இரண்டாவது சுற்றிலேயே உங்கள் ஆட்டக்காரர்கள் மற்ற ஐந்து பேரையும் விட்டுவிட்டு அவனை மட்டும் துரத்த ஆரம்பித்தால், கட்டளை வேலை செய்கிறது. யாரும் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால் திரும்பிப் போய் எழுதுங்கள்.