கேட்ட ஆவணம் வரவில்லையா? விவாகரத்து வழக்கு பற்றிய கேள்வி பதில்

விவாகரத்து வழக்கில் வரவு, சொத்து, கடன் ஆகியவற்றுக்கான ஆவணங்களை இரு தரப்பும் ஒருவருக்கொருவர் கொடுத்தாக வேண்டிய கட்டத்தை வழக்கறிஞர்கள் டிஸ்கவரி என்பார்கள். அந்தக் கட்டத்தில் அவர்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருவது என் தொழில். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தாள்களைப் படிக்கும் முறை பெரும்பாலும் மாறாது.

கேள்வி: கணவர் தரப்பிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்கள் வந்திருக்கின்றன. எல்லாம் கலைந்து கிடக்கிறது. எது வரவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எதையும் தேடாதீர்கள், வந்ததை அடுக்குங்கள். ஒரு தாளின் இடப்பக்கம் கணக்கு எண்களையும் மேலே மாதங்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். கையில் உள்ள ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு குறி வையுங்கள். காலியாக நிற்கும் கட்டங்கள்தாம் வராத ஆவணங்கள். அடுத்து, ஒரு மாதத்தின் தொடக்க இருப்பு முந்தைய மாதத்தின் இறுதி இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பக்க எண்ணையும் விடாதீர்கள். எட்டுப் பக்க அறிக்கையில் மூன்றுக்குப் பிறகு ஐந்து வந்தால், நான்காம் பக்கம் எங்கோ நின்றுவிட்டது. ஒளித்தார்களா, நகலெடுக்கும்போது தவறியதா என்று இப்போதே தீர்ப்பு எழுத வேண்டாம். பக்கத்தைக் கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "வங்கி விவரங்கள் முழுமையாக இல்லை" என்ற புகாருக்கு "எல்லாம் கொடுத்தாயிற்று" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். கணக்கின் கடைசி நான்கு எண்கள், மாதம், பக்கம் மூன்றையும் குறிப்பிட்டுக் கேட்டால் அப்படித் தப்ப முடியாது. நாளை நீதிபதியிடம் போனாலும் அவர் உத்தரவிட வேண்டியது என்ன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கும்.

கேள்வி: கணக்கு இருப்பதே தெரியாதபோது அதை எப்படிக் கேட்பது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கொடுக்காத ஆவணத்தின் தடம், கொடுத்த ஆவணத்தில் இருக்கும். தெரிந்த கணக்கிலிருந்து தெரியாத எண்ணுக்குப் போன பணமாற்றங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத காப்பீட்டுக்குக் கட்டிய தவணை, யாரும் சொல்லாத வங்கி லாக்கருக்கு வாடகை, உங்களுக்குத் தெரியாத நிலத்துக்குச் சொத்து வரி என்று ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் சிறு தொகைகளில்தான் பெரிய சொத்துகள் தலைகாட்டும். அதனால் மூன்று மாத அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். குறைந்தது ஓர் ஆண்டு முழுவதும் வேண்டும்.

பிறகு வருமான வரிக் கணக்கு. அமெரிக்காவில் வட்டியோ ஈவுத்தொகையோ ஆண்டுக்கு 1,500 டாலரைத் தாண்டினால், அதைக் கொடுத்த நிறுவனங்களின் பெயர்களை ஷெட்யூல் பி என்ற படிவத்தில் எழுத வேண்டும். இருவரும் சேர்ந்து தாக்கல் செய்த கணக்கென்றால், அதன் நகலை வரித்துறையிடம் நீங்களே கேட்டு வாங்கலாம். துணைவரின் கையெழுத்து தேவையில்லை. இந்தியாவில், ஒருவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கை இரண்டையும் கேளுங்கள். வைப்பு நிதி வட்டியில் பிடித்த வரி அங்கே வங்கியின் பெயரோடு இருக்கும். வழக்கு நடக்கும் ஆண்டில் தேவைக்கு மேல் முன்வரி கட்டியிருந்தாலும் விசாரியுங்கள். தீர்ப்புக்குப் பிறகு திரும்பி வரும் என்று பணத்தை வரித்துறையிடம் நிறுத்திவைப்பவர்கள் உண்டு.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடப் பயன் தருவது கடன் விண்ணப்பம். நீதிமன்றத்தில் சொத்தைக் குறைத்துச் சொல்பவர், வங்கியில் கடன் கேட்கும்போது அதே சொத்தைக் கூட்டித்தான் சொல்லியிருப்பார். வீட்டுக்கடன், தொழில் கடன் எதுவானாலும் விண்ணப்பத்தை அதன் இணைப்புகளோடு கேளுங்கள்.

கேள்வி: "அப்படி ஓர் ஆவணம் என்னிடம் இல்லை" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். இனி என்ன வழி?

கையில் இல்லை என்பது பதிலாகாது. வங்கியிடம் கேட்டு வாங்க அவருக்கு உரிமை இருந்தால், அது அவருடைய கட்டுப்பாட்டில் உள்ள ஆவணம்தான். கலிஃபோர்னியாவில் இல்லை என்பவர், தான் முறையாகத் தேடியதையும், ஆவணம் யாரிடம் இருக்கும் என்று நம்புகிறாரோ அவருடைய பெயர், முகவரியையும் பதிலில் தர வேண்டும். இந்தியாவில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 11 எழுத்துமூலக் கேள்விகளுக்கும் ஆவணங்களைக் காட்டச் சொல்வதற்கும் வழி தருகிறது. அதற்கு முன்பே, ஜீவனாம்ச வழக்கென்றால், ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் வகுத்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் மூன்றாண்டு அறிக்கைகளைக் கேட்கும் பத்திரம் அது. திருமண காலத்தில் விற்ற, கைமாற்றிய சொத்துகளையும் அதற்கான காரணத்தையும்கூட எழுதச் சொல்கிறது. அந்தப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், வங்கிக்கும் வேலை கொடுத்தவருக்கும் நேரடியாக அழைப்பாணை அனுப்பச் சொல்லி வழக்கறிஞரை வற்புறுத்துங்கள். தாமதம் வேண்டாம். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பணமோசடித் தடுப்புச் சட்டங்கள் பரிவர்த்தனைப் பதிவுகளை வங்கிகள் ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகு இருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

கேள்வி: அவருடைய மடிக்கணினியின் கடவுச்சொல் எனக்குத் தெரியும். நானே எடுத்துவிடலாமா?

வேண்டாம், சகோதரி. ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கு அவருக்கு எதிராக நிற்க வேண்டுமே தவிர உங்களுக்கு எதிராக அல்ல. இங்கிலாந்தில் இமர்மன் வழக்கில், மனைவியின் சகோதரர்கள் கணவரின் கோப்புகளை அலுவலக சர்வரிலிருந்து நகலெடுத்தார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. இருவர் பெயரிலும் உள்ள கணக்கு, வீட்டின் பொது அலமாரியில் உள்ள கோப்பு ஆகியவை வேறு. அவற்றையும் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு நகலெடுங்கள். கணினியில் ஏதோ இருப்பது உறுதியென்றால், எதையும் அழிக்கக்கூடாது என்று எதிர்த்தரப்புக்கு உடனே கடிதம் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரிப்டோ நாணயம்?

வாங்கிய பணம் ஏதோ ஒரு வங்கியிலிருந்துதான் போயிருக்கும். கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் பரிமாற்ற நிறுவனங்களின் பெயர்களை வங்கி அறிக்கையில் தேடுங்கள். அமெரிக்க வரிப் படிவத்தின் முதல் பக்கத்தில் 2020 முதல் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது.

கேள்வி: ஒரு கிரெடிட் கார்டின் இரண்டு மாத அறிக்கை மட்டும் வரவில்லை. மனு போடலாமா?

அந்த மாதங்களில் பெரிய செலவு நடந்ததற்கு வேறு தடம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். வழக்கறிஞர் கட்டணம் அந்தத் தாளின் மதிப்பைத் தாண்டிவிடும்.

கேள்வி: தீர்ப்பு வந்த பிறகு மறைத்த சொத்து தெரியவந்தால்?

பல நாடுகளில் கதவு மூடிவிடுவதில்லை. கலிஃபோர்னியாவின் ரோசி தம்பதியர் வழக்கில் மனைவி 1996-இல் கிடைத்த லாட்டரிப் பரிசை மறைத்து விவாகரத்து பெற்றார். பரிசுத் தவணைகளை மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்த ஒரு கடிதம் 1999-இல் முன்னாள் கணவரின் வீட்டுக்குப் போனது. அவருக்கு விஷயம் தெரிந்தது அப்போதுதான். மனைவியின் பரிசுப் பங்கு முழுவதையும் நீதிமன்றம் கணவருக்கே கொடுத்தது. 2001-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. அங்கே மனைவி சத்தியம் செய்து கொடுத்த சொத்துப் பட்டியலில் அந்தப் பரிசு இல்லை. ஆகவே உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை, தீர்ப்பு வந்த பிறகும் தூக்கிப் போடாதீர்கள்.